கணினியில் குறையில்லை, நேரலையில் திணறல்: ஓபிஎஸ் ஸ்டூடியோ மதிப்பாய்வு

விளையாடுபவரின் திரையில் ஆட்டம் நொடிக்கு 140 ஃபிரேம் வேகத்தில் தங்குதடையின்றி ஓடிக்கொண்டிருக்கும். அதே நேரத்தில் நேரலையைப் பார்ப்பவர்கள் படம் விட்டுவிட்டு வருகிறது என்று அரட்டைப் பெட்டியில் எழுதிக்கொண்டிருப்பார்கள். புதிய செயலி, விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு, தாராளமான நினைவகம் என எதிலும் குறை வைக்காத கணினியில்தான் இந்த முரண் அதிகம் குழப்புகிறது. பழைய கணினி என்றால் சக்தி போதவில்லை என்று சொல்லி விஷயத்தை முடித்துவிடலாம். கணினியிலிருந்து நேரலை அனுப்பவும் பதிவு செய்யவும் பயன்படும் ஓபிஎஸ் ஸ்டூடியோ என்னும் மென்பொருளை இந்த ஒரு கோணத்தில் மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்: நல்ல கணினியில் நேரலை திணறும்போது, காரணத்தைக் கண்டறியவும் அதைச் சரிசெய்யவும் இந்த மென்பொருள் எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது? பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணத்தைப் பிரித்துக் காட்டுவதில் இது மிக நேர்மையான கருவி. ஆனால் அந்தக் காரணம் எழுதப்பட்டிருக்கும் இடத்தைத் தேடிப் போகும் வேலையைப் பயனரின் தலையில் கட்டிவிடுகிறது.

ஹ்யூ பெய்லி 2012இல் தொடங்கிய இந்தத் திட்டம் இன்றைக்கு விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இலவசமாகக் கிடைக்கிறது; மூலநிரலும் திறந்தே இருக்கிறது. கட்டணப் பதிப்பு என்று ஒன்று கிடையாது, படத்தின் ஓரத்தில் முத்திரை குத்துவதும் கிடையாது. இதன் நிரலையே அடித்தளமாகக் கொண்டு அலங்காரங்களைச் சேர்த்து வெளிவந்த ஸ்ட்ரீம்லேப்ஸ் போன்ற மென்பொருள்களும் உள்ளன. இங்கே பேசுவதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

இந்த மென்பொருளில் நான் மிக உயர்வாக மதிப்பது, ‘வியூ’ பட்டியலுக்குள் இருக்கும் ‘ஸ்டாட்ஸ்’ என்னும் சிறிய சாளரத்தை. அதைத் திறந்தால் ஓர் எளிய அட்டவணை தெரியும். செயலிப் பயன்பாடு, வட்டில் மீதியுள்ள இடம், ஒரு ஃபிரேமை உருவாக்க ஆகும் சராசரி நேரம் ஆகியவற்றோடு மூன்று எண்ணிக்கைகளும் அதில் இருக்கின்றன: ரெண்டரிங் தாமதத்தால் தவறிய ஃபிரேம்கள், என்கோடிங் தாமதத்தால் விடுபட்ட ஃபிரேம்கள், இணைய இணைப்பில் கைவிடப்பட்ட ஃபிரேம்கள். விளையாட்டிலிருந்து பிடித்த படத்தை, கேமரா, எழுத்து, அறிவிப்புப் பெட்டி ஆகியவற்றோடு சேர்த்து ஒரே சட்டகமாக்குவது முதல் வேலை (ரெண்டரிங்). அதன் தரவைச் சுருக்குவது இரண்டாவது வேலை (என்கோடிங்; அதைச் செய்வது என்கோடர்). சுருக்கியதை இணையத்தில் அனுப்புவது மூன்றாவது. நேரலை எங்கே இடறினாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் பெரும்பாலும் இடறுகிறது, அந்த வரியில் மட்டும்தான் எண் ஏறுகிறது, அளவு மீறினால் அதன் நிறமும் மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாறுகிறது. மற்ற இரண்டும் பூஜ்ஜியத்தில் நிற்கும்போது அவற்றின் அமைப்புகளை நோண்டுவது வீண் வேலை. இணைய விவாதங்களில் கிடைக்கும் அறிவுரைகளில் பாதி, எந்த வரி ஏறுகிறது என்று கேட்காமலேயே பிட்ரேட்டை (நொடிக்கு அனுப்பும் தரவின் அளவை) குறை, கார்டை மாற்று என்று சொல்பவைதான். ஒரு சிறு எச்சரிக்கை: விளையாட்டு ஏற்றப்படும்போதும் காட்சி மாற்றும்போதும் சில ஃபிரேம்கள் தவறுவது இயல்பு, ஆகவே ஆட்டம் சூடுபிடித்த பிறகு அந்தச் சாளரத்தில் உள்ள ‘ரீசெட்’ பொத்தானை அழுத்திவிட்டு அங்கிருந்து எண்ணத் தொடங்க வேண்டும்.

சக்தி வாய்ந்த கணினிகளில் பெரும்பாலும் குற்றவாளியாக நிற்பது முதல் வரி. காரணம் எளிது, ஆனால் முதல் பார்வைக்கு நம்பக் கடினமானது. வேகக் கட்டுப்பாடு எதுவும் இல்லாமல் விட்டால், விளையாட்டு தன்னால் இயன்ற அத்தனை ஃபிரேம்களையும் வரைய முயன்று கிராபிக்ஸ் கார்டை 99 சதவீதம் வரை நிரப்பிவிடும். கார்டு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இதுதான் நடக்கும். பெரிய கார்டில் அதிக ஃபிரேம்கள் வரையப்படும், அவ்வளவுதான். ஓபிஎஸ் தன் சட்டகத்தை ஒன்றுசேர்ப்பதும் அதே கார்டின் அதே பகுதியில்தான். நொடிக்கு 60 ஃபிரேம் அனுப்ப வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 16.67 மில்லி நொடி. கார்டு ஓய்வாக இருக்கும்போது அதில் ஒரு சிறு பங்கிலேயே முடிந்துவிடும் வேலை, விளையாட்டு கார்டை முழுவதுமாக ஆக்கிரமித்திருக்கும்போது வரிசையில் காத்துக் கிடக்கிறது. நேரம் கடந்துவிட்டால் ஓபிஎஸ் முந்தைய படத்தையே மறுபடியும் அனுப்புகிறது. பார்ப்பவருக்குப் படம் உறைவதில்லை, ஒலியும் அறுபடுவதில்லை. அசைவு மட்டும் தத்தித் தத்தி நகர்கிறது. விளையாடுபவருக்கோ எந்தக் குறையும் தெரிவதில்லை, ஏனெனில் கார்டின் முழு உழைப்பும் அவருடைய திரைக்கே போய்க்கொண்டிருக்கிறது.

இதற்கான மருந்து விளையாட்டின் அமைப்புகளில் இருக்கிறது. ஃபிரேம் வேகத்துக்கு ஒரு வரம்பு வைத்து, கார்டின் பயன்பாடு எப்போதும் 90 சதவீதத்துக்குக் கீழே நிற்குமாறு பார்த்துக்கொண்டால், முதல் வரியின் எண் பெரும்பாலும் அப்படியே நின்றுவிடுகிறது. வரம்பை 60, 120 என்று நேரலை வேகத்தின் மடங்காக வைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. 144 ஃபிரேமிலிருந்து 60ஐப் பொறுக்கும்போது சில இடங்களில் ஒரு படத்தையும் சில இடங்களில் இரண்டையும் தாண்ட வேண்டியிருக்கிறது. அட்டவணை சுத்தமாக இருந்தும் அசைவு சீராக இல்லை என்று கூர்ந்து பார்ப்பவர்கள் சொல்வதற்கு இந்தச் சமமற்ற இடைவெளி ஒரு காரணம். போட்டி ஆட்டங்களில் 240 ஹெர்ட்ஸ் திரையை வைத்துக்கொண்டு இவ்வளவு குறைக்க மனம் வராதவர்கள் நிழல், பிரதிபலிப்பு போன்ற தரங்களைக் குறைத்து அதே இடைவெளியைக் கார்டுக்கு உருவாக்கித் தரலாம். இரண்டையும் மறுத்துவிட்டு நேரலை மட்டும் சீராக வேண்டும் என்றால் எந்த மென்பொருளாலும் உதவ முடியாது.

ஓபிஎஸ் பக்கத்திலும் செய்ய வேண்டியவை உண்டு. விண்டோஸில் அதை நிர்வாகியாக இயக்கினால், கார்டின் நேரத்தைப் பங்கிடும்போது இயங்குதளம் அதற்கு முன்னுரிமை தருகிறது. குறுக்குவழியில் ஒரு முறை குறித்து வைத்துவிட்டால் போதுமான இந்த மாற்றம், கார்டு நெருக்கடியில் இருக்கும் கணினிகளில் கண்கூடான பலனைத் தருகிறது. அடுத்து, விளையாட்டைப் பிடிக்க ‘கேம் கேப்சர்’ என்ற மூலத்தை (காட்சியில் சேர்க்கும் உள்ளீட்டை) பயன்படுத்துவதே நல்லது. முழுத் திரையையும் பிடிக்கும் ‘டிஸ்ப்ளே கேப்சர்’ வேறு வழியில்லாதபோது மட்டும். அறிவிப்புகள், அரட்டை, நன்கொடை எண்ணிக்கை என்று ஆளுக்கொரு உலாவி மூலத்தை அடுக்குவதும் சுமைதான். ஒவ்வொன்றும் பின்னணியில் ஓடும் ஒரு முழு உலாவிப் பக்கம் என்பதை மறந்துவிடக் கூடாது. காட்சியில் தெரியாதபோது மூலத்தை நிறுத்திவைக்கும் தெரிவு அதன் பண்புகளிலேயே இருக்கிறது. 1440 வரிகள் கொண்ட திரையை 1080க்குச் சுருக்கும்போது ‘லான்சோஸ்’ வடிகட்டி ‘பைக்யூபிக்’கைப் போல இரு மடங்குக்கும் அதிகமான மாதிரிகளை எடுக்கிறது, நகரும் விளையாட்டுப் படத்தில் அந்த வித்தியாசத்தை யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. முன்னோட்டத்தை அணைத்து வைப்பதும் சிறிது உதவும்.

மடிக்கணினிகள் தனி ரகம். இரண்டு கிராபிக்ஸ் சில்லுகள் கொண்டவற்றில் விளையாட்டு ஒன்றிலும் ஓபிஎஸ் மற்றொன்றிலும் ஓடினால், பிடித்த படத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகலெடுக்க வேண்டியிருக்கும். சில நேரங்களில் வெறும் கறுப்புத் திரைதான் கிடைக்கும். விண்டோஸின் கிராபிக்ஸ் அமைப்புகளில் இரண்டையும் ஒரே சில்லுக்கு ஒதுக்கிவிட்டுத்தான் மற்ற சோதனைகளைத் தொடங்க வேண்டும். வெப்பம் கூடி வேகம் இறங்கும் சிக்கலும் இவற்றில்தான் அதிகம். அரை மணி நேரம் நன்றாக ஓடி அதன் பிறகு மட்டும் திணறும் நேரலைக்கு வெப்பநிலையைப் பார்ப்பதே முதல் வேலை.

இரண்டாவது வரியைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. செயலியை வைத்துச் சுருக்கும் எக்ஸ்264, விளையாட்டோடு செயலியின் மையங்களுக்காகப் போட்டியிடுகிறது. அதன் ‘வெரிஃபாஸ்ட்’ அமைப்பிலிருந்து ‘மீடியம்’ போன்ற மெதுவான அமைப்புக்குப் போனால் தரத்தில் கிடைக்கும் ஆதாயம் சிறிது, செயலிக்கு ஏறும் சுமை பெரிது. என்விடியா கார்டுகளில் உள்ள என்வென்க், இன்டெலின் குவிக் சிங்க், ஏஎம்டியின் என்கோடர் ஆகியவை இதற்கென்றே தனிச் சுற்று கொண்டவை. குறிப்பாக 2018இல் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 20 வரிசையிலிருந்து என்வென்க்கின் தரம் கணிசமாக உயர்ந்துவிட்டதால், ஒரே கணினியில் விளையாடியபடி நேரலை செய்பவர் எக்ஸ்264ஐத் தேர்ந்தெடுக்க வலுவான காரணம் எதையும் நான் காணவில்லை. என்வென்க்கிலும் எண் ஏறினால் பி7, பி6 என்னும் மெதுவான அமைப்புகளிலிருந்து பி5 அல்லது பி4க்கு இறங்கலாம். ‘லுக் அஹெட்’ தெரிவையும் நீக்கலாம், ஏனெனில் அது தனிச் சுற்றைத் தாண்டி கார்டின் பொதுவான கணிப்புப் பகுதியையும் பயன்படுத்துகிறது. இங்கே பலர் சறுக்கும் ஓர் இடமும் உண்டு. கார்டு நிரம்பியதால் முதல் வரி ஏறுவதைக் கண்டு, கார்டின் சுமையைக் குறைப்பதாக எண்ணி எக்ஸ்264க்கு மாறுகிறார்கள். சட்டகத்தை ஒன்றுசேர்க்கும் வேலை கார்டிலேயேதான் இருக்கிறது. ஆகவே முதல் சிக்கல் அப்படியே நிற்க, செயலியிலும் நெருக்கடி சேர்ந்து இரண்டு வரிகளும் ஏறத் தொடங்குகின்றன.

மூன்றாவது வரி ஏறும்போது அடையாளம் வேறு. படம் சட்டென்று உறைந்து, ஒலி மட்டும் தொடர்ந்து, ஓரிரு நொடி கழித்துப் படம் தாவி வந்து சேரும். ஓபிஎஸ் தரவை வழக்கமாக ஆர்டிஎம்பி என்னும் நேரலை நெறிமுறை வழியாக, அதாவது தொலைந்ததை மறுபடி அனுப்பும் டிசிபி வகை இணைப்பு ஒன்றே ஒன்றில் அனுப்புகிறது. வழியில் ஒரு தரவுப் பொட்டலம் தொலைந்தால் அது மறுபடி அனுப்பப்படும் வரை பின்னால் வருபவை காத்திருக்க வேண்டும். காத்திருப்பு அளவு மீறும்போது ஓபிஎஸ் படங்களைக் கைவிட்டு ஒலியைக் காப்பாற்றுகிறது. ஒவ்வொரு படமும் தனக்கு முந்தையதைச் சார்ந்தே சுருக்கப்பட்டிருப்பதால், அடுத்த முழுப் படமான கீஃப்ரேம் வரும் வரை மீள முடியாது. நேரலைத் தளங்களான ட்விச், யூடியூப் இரண்டுமே 2 நொடிக்கு ஒரு கீஃப்ரேம் இருக்கப் பரிந்துரைப்பதால் உறைவின் நீளமும் அந்த அளவில் அமைகிறது.

வேகச் சோதனைத் தளம் பெரிய எண்ணைக் காட்டுகிறதே என்ற வாதம் இங்கே எடுபடாது. அத்தளங்களில் பெரும்பாலானவை அருகிலுள்ள சேவையகத்துக்குப் பல இணைப்புகளை ஒரே நேரத்தில் திறந்து அளக்கின்றன. நேரலையோ தொலைவிலுள்ள ஒரு சேவையகத்துக்கு ஒற்றை இணைப்பில், மணிக்கணக்கில், ஏற்ற இறக்கமில்லாமல் போயாக வேண்டும். கணினி எத்தனை சக்தி வாய்ந்ததாக இருந்தாலும் வைஃபையில் அண்டை அலைவரிசைகள் ஏற்படுத்தும் கணநேரக் குறுக்கீட்டை அதனால் தடுக்க முடியாது. ஆகவே கம்பி இணைப்பு முதல் தேவை. அதன் பிறகு சேவையகத்தை மாற்றிப் பார்ப்பது. அதற்கும் பிறகுதான் பிட்ரேட்டைக் குறைப்பது. ‘அட்வான்ஸ்ட்’ பகுதியில் நெரிசலுக்கேற்ப பிட்ரேட்டைத் தானாக மாற்றும் தெரிவு ஒன்று 2019 முதல் இருக்கிறது. உறைவுக்குப் பதிலாகச் சிறிது நேரம் தெளிவு குறையும் என்பதே அதன் பேரம். நல்ல பேரம்தான் என்றாலும், அதை முதலிலேயே இயக்கிவிட்டால் இணைப்பின் கோளாறு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுகிறது. நோய் அறிந்த பிறகு உண்ண வேண்டிய மாத்திரை அது.

மூன்று வரிகளும் பூஜ்ஜியத்தில் நின்றும் பார்ப்பவர்கள் குறை சொன்னால், அவர்கள் சொல்வது பெரும்பாலும் தெளிவைப் பற்றியதாக இருக்கும். 1080 வரிகளில் நொடிக்கு 60 ஃபிரேம் என்பது நொடிக்கு 12.4 கோடிப் புள்ளிகள். ட்விச்சில் நெடுங்காலமாக உச்ச அளவாகச் சொல்லப்பட்டு வந்த 6000 கிலோபிட்டை அவற்றுக்குப் பங்கிட்டால் ஒரு புள்ளிக்கு 0.048 பிட்தான் தேறும். நிதானமான புதிர் விளையாட்டுக்கு இது போதும். புல்லும் இலையும் புகையும் நிறைந்த காட்டில் ஒருவர் வேகமாகத் திரும்பும்போது படம் கட்டங்கட்டமாகச் சிதறுவதை எந்த என்கோடராலும் தடுக்க முடியாது. அதே பிட்ரேட்டில் 720க்கு இறங்கினால் ஒரு புள்ளிக்கு 2.25 மடங்கு கிடைக்கிறது. இடைப்பட்ட 936 வரிகள் இரண்டுக்கும் நடுவில் நல்ல சமரசம். பார்வையாளரின் இணைப்பு வேகம் குறைவாக இருந்து, தளமும் அந்த நேரலைக்குக் குறைந்த தரத் தெரிவுகளை வழங்கவில்லை என்றால், அனுப்புபவர் எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் பார்ப்பவரிடத்தில் சுழல் வட்டம்தான் சுழலும். யூடியூப்பில் நேரலை செய்பவர்களுக்கு 2023இல் வந்த 29.1 பதிப்பு முதல் ஏவி1 என்னும் புதிய சுருக்க வடிவத்தில் அனுப்பும் வசதி இருக்கிறது. அதை வன்பொருளிலேயே சுருக்கக்கூடிய புதிய கார்டு வைத்திருப்பவர்கள் குறைந்த பிட்ரேட்டில் கூடுதல் தெளிவைப் பெறலாம்.

இனி குறைகள். முதன்மையான குறை, இவ்வளவு பயனுள்ள அட்டவணை இயல்பாகத் திறந்திருப்பதில்லை என்பது. என்கோடர் திணறும்போது முதன்மைச் சாளரத்தின் கீழ்ப் பட்டையில் எச்சரிக்கை தோன்றுகிறது. நல்ல கணினிகளில் அதைவிட அடிக்கடி நிகழும் ரெண்டரிங் தாமதத்துக்கு அப்படி எந்தக் கூக்குரலும் இல்லை. அந்தப் பட்டையில் தெரியும் செயலிப் பயன்பாட்டு எண் ஓபிஎஸ் எடுத்துக்கொள்ளும் பங்கை மட்டுமே குறிக்கிறது, விளையாட்டின் பங்கு அதில் சேராது. 3 சதவீதம் என்று பார்த்துவிட்டுக் கணினி சும்மா இருப்பதாக நம்புபவர்களைக் குறை சொல்ல முடியாது. தானியங்கி அமைப்பு வழிகாட்டியும் அரைகுறைதான். முதன்முறை திறக்கும்போது அது வேகத்தையும் வன்பொருளையும் சோதித்து அமைப்புகளைப் பரிந்துரைக்கிறது. அந்த நேரத்தில் விளையாட்டு எதுவும் ஓடிக்கொண்டிருப்பதில்லை என்பதால், வெறும் வயிற்றோடு இருக்கும் கணினியின் திறனைத்தான் அது அளக்கிறது. அதன் பரிந்துரையைத் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளலாமே தவிர முடிவாகக் கொள்ளக் கூடாது.

இந்தக் குறைகளுக்கு ஓரளவு ஈடுகட்டுவது, ஓபிஎஸ் தன் இயக்கத்தைக் குறித்துவைக்கும் ‘லாக்’ என்னும் பதிவுக் கோப்பு. ‘ஹெல்ப்’ பட்டியலிலிருந்து அதைப் பதிவேற்றினால், பகுப்பாய்வுக் கருவி நிர்வாகியாக இயக்காதது, தவறிய ஃபிரேம்களின் சதவீதம், வைஃபை இணைப்பு போன்றவற்றைச் சுட்டிக்காட்டி, செய்ய வேண்டியதையும் சொல்கிறது. நேரலையை முடித்த பிறகு எடுத்த கோப்பாக இருக்க வேண்டும், அப்போதுதான் இறுதி எண்ணிக்கைகள் அதில் பதிவாகியிருக்கும். கட்டணம் வாங்கும் மென்பொருள்களிலும் இந்த அளவு வெளிப்படைத்தன்மை எளிதில் கிடைப்பதில்லை.

சரிசெய்த பிறகு சோதிப்பதற்கும் பார்வையாளர்களைத் தொல்லைப்படுத்தத் தேவையில்லை. ட்விச்சுக்கு ‘பேண்ட்வித் டெஸ்ட்’ என்ற தெரிவை இயக்கினால் சேனலில் எதுவும் தெரியாமலேயே தரவு முழுவதும் சேவையகம் வரை போய்ச் சேர்கிறது. அதே நேரத்தில், நேரலைக்குப் பயன்படும் அதே என்கோடரைக் கொண்டு பதிவு செய்யும் தெரிவை வைத்துக்கொண்டால், இணையத்துக்குப் போவதன் அச்சு அசலான நகல் வட்டில் சேமிக்கப்படும். வழக்கமாக அதிகச் சுமை தரும் விளையாட்டின் மிக நெரிசலான கட்டத்தைக் கால் மணி நேரம் ஆடிவிட்டு அந்தக் கோப்பைப் பார்க்க வேண்டும். கோப்பே தத்தினால் கோளாறு கணினிக்குள், அதாவது முதல் இரண்டு வரிகளில். கோப்பு சீராக இருந்து மூன்றாவது வரி மட்டும் ஏறியிருந்தால் கணினியில் கைவைக்க வேண்டாம், இணைப்பைப் பார்த்தால் போதும். கோப்பும் சீராக இருந்து மூன்றாவது வரியும் அசையாமல் நின்று, பத்துப் பேரில் ஒருவர் மட்டும் இன்னும் திணறுகிறது என்று எழுதினால், அவரிடம் தரத்தைக் குறைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம்.